கஞ்சி போட்ட திரி

கரண்டிக் காம்பால் முட்டையின் உச்சியில் ஒரு தட்டு. ஓங்கியும் தட்டமாட்டாள், பயந்தும் தட்டமாட்டாள். ஓட்டின் தலையில் சின்ன வட்டமாக விரிசல் விழும். அதை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைக் கிண்ணத்தில் கவிழ்த்து, வெறும் ஓட்டைக் கழுவி ஈரத்துணிமேல் குப்புற வைப்பாள் சித்தி. அந்த ஓட்டுக்குள் உருகிய மெழுகை ஊற்றி ஆறவைத்து உரித்தால் முட்டை வடிவத்தில் மெழுகுவர்த்தி கிடைக்கும் என்று தொலைக்காட்சியில் மத்தியான நேரத்துப் பெண்கள் நிகழ்ச்சி ஒன்றில் பார்த்திருந்தாள். அவ்வளவுதான் அவளுக்கு அதில் இருந்த ஞானம். அந்த ஞானத்தை நம்பித்தான் தன் கல்யாணத்தையே அதன்மேல் வைத்தாள். இன்றைக்கும் எரிகிற மெழுகுவர்த்தி முன்னால் என்னால் நிம்மதியாக உட்கார முடியாது. கோயிலில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நான் மட்டும் திரியையே பார்த்துக்கொண்டிருப்பேன், அணைந்துவிடுமோ என்று.

சித்தி என் அம்மாவின் தங்கை. சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தாள். நாள் முழுக்க “மூச்ச இழுங்க, புடிங்க, அசையாதீங்க” என்று ஊரையெல்லாம் நிற்கவைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள், தான் மட்டும் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். நின்றபடியே சாப்பிடுவாள், நடந்தபடியே தலை துவட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் நீண்டால் கால் மாற்றிக் கால் நின்று என் அம்மாவிடம் கிள்ளு வாங்குவாள். நாங்கள் அம்மாபேட்டையில் வாடகைக்குக் குடியிருந்தோம். மூன்று பக்கமும் தறி வீடுகள், நடுவில் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். சித்தி எங்களோடுதான் இருந்தாள். தாத்தா படுக்கையில் கிடந்த வருடங்களில் வந்த வரன்களை அவளே தள்ளிப்போட்டாள். தாத்தா போனபிறகு வந்த வரன்கள் அவளுடைய வயதைக் கேட்டுவிட்டுத் தாமாகவே தள்ளிப்போயின. முப்பத்தைந்தைத் தாண்டியபிறகு அம்மாவே தரகரிடம் போவதை நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் நாமக்கல் பக்கத்திலிருந்து அவர் வந்தார். கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். மனைவி காய்ச்சலில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள். பெண் பார்க்க வருகிறவர்கள் பழமும் பூவும் கொண்டுவருவார்கள்; இவர் பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு ஒரு அட்டை நிறைய முட்டை கொண்டுவந்தார். “நம்ம பண்ணைதுங்க, இன்னைக்கு எடுத்ததுங்க” என்று அப்பாவின் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் முட்டைக்காரர். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்ததில் சித்திதான் முதல் ஆள். ஆனால் அவர் மறுபடி வருகிறார் என்று தெரிந்த நாளில் தலையை இரண்டு முறை வாரினாள். “எனக்குப் புடிச்சிருக்குக்கா” என்று அம்மாவிடம் அவள் சொன்னதை நான் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். அந்தக் குரலில் சித்தி பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. சித்தி எங்களை விட்டுப் போய்விடுவாள் என்ற பயமும், போகவேண்டும் என்ற ஆசையும் எனக்கு ஒன்றாகவே வந்தன.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் சித்தி ஒரு நிபந்தனை போட்டாள். “பாப்பாகிட்டக் கேக்கணும். அவ வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்.”

அம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது. “ஏழு வயசுப் புள்ளகிட்ட எவடி சம்மதம் கேப்பா? அது முட்டாய் வேணுமான்னாக்கூட வேண்டாம்னுதான் சொல்லும்” என்றாள். அப்பா சிரித்தார். முட்டைக்காரரும் சிரித்தபடி, “அதெல்லாம் பழகிக்குமுங்க, கொழந்ததானுங்க” என்றார். சித்தி சிரிக்கவில்லை. அங்கும் இங்கும் நடந்துகொண்டே, கேட்கத்தான் போகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தக் குழந்தையின் அம்மாவுக்குச் சொந்த ஊர் சேலம். கல்லறையும் இங்கேதான். கல்லறைத் திருநாளுக்கு எப்படியும் வருவார்கள் என்பதால், மகளை இரண்டு நாள் முன்னதாகவே எங்கள் வீட்டில் விட்டுப் போவது என்று ஏற்பாடானது. பழகட்டும் என்பது பெரியவர்களின் கணக்கு. நாற்காலியில் உட்காரவைத்து ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும், கைக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டும் என்பது சித்தியின் கணக்கு. அப்படித்தான் மெழுகுவர்த்தி யோசனை வந்தது. அம்மா கல்லறைக்குத் தானே செய்த மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய் வைக்கலாம் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது? கோயில் உபதேசியாரிடம் சொல்லி, பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திக் கட்டைகளை ஒரு பை நிறைய வாங்கி வந்தாள். வண்ணத்துக்கு என்னுடைய கிரேயான் பெட்டி பறிபோனது. முட்டை ஓட்டுக்குப் பஞ்சமில்லை. அந்த வாரம் முழுக்க முட்டைக் குழம்பும் பொரியலும் ஆம்லெட்டும் தின்று என் தம்பி முட்டை வாசனை பட்டாலே ஓட ஆரம்பித்தான்.

குழந்தை வந்தாள். காதுவரை ஒட்ட வெட்டிய முடி. அப்பாவுக்குச் சடை பின்னத் தெரியாதாம், அதனால் வெட்டிவிட்டார்களாம். யாரிடமும் ஒட்டாமல், அதேசமயம் எல்லோரிடமும் மரியாதையாக இருந்தாள். தன்னைவிடச் சின்னவனான என் தம்பியிடம்கூட “அந்தச் செவப்பக் குடுங்க” என்றுதான் கேட்டாள். பக்கத்துத் தறி வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். பின்கட்டில் வாணலியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் பால்பவுடர் டப்பா, டப்பாவுக்குள் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. நாங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் வராதபடி சித்தி தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்தாள். ஓடுகள் மணல் பரப்பிய தட்டில் வரிசையாக நின்றன. மெழுகை ஊற்றும்போது பழக்கதோஷத்தில், “எல்லாரும் மூச்ச இழுங்க, புடிங்க, அசையாதீங்க” என்றாள். நாங்கள் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நின்றோம். ஊற்றி முடித்து “விடுங்க” என்றதும் அந்தக் குழந்தை சிரித்துவிட்டாள். சித்தி சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த சந்தோஷத்தை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

திரிக்கு நூல் கொண்டுவந்தவர்கள் தறி வீட்டுப் பிள்ளைகள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. சாதாரண நூல் என்றால் மெழுகுக்குள் துவண்டு விழும்; இது குச்சியாக விறைத்து நின்றது. “பாரு, ஆணியாட்டம் நிக்குது” என்று சித்திக்கு ஒரே பெருமை. அம்மாபேட்டையில் குடியிருக்கிற யாரும் செய்யக்கூடாத தப்பு அது. விடிந்தால் எங்கள் தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக்கட்டிக் கஞ்சி போடுவார்கள். தறியில் அறாமல் இருக்க நூலுக்கு அந்த விறைப்பு வேண்டும். பள்ளிக்கூடம் போகும்போது தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவோம், அந்த வாசனை எங்கள் சட்டையிலேயே இருக்கும். அந்த நூல் ஏன் விறைத்து நிற்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தறி வீட்டுப் பிள்ளைகளுக்கும் தோன்றவில்லை.

நாங்களெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கலக்கிக் கடைசியில் சேற்று நிறத்தில் முட்டை செய்துகொண்டிருந்தபோது, அவள் மட்டும் வெள்ளையாகவே இருக்கட்டும் என்றாள். ஓட்டை உரித்தபிறகு, மெழுகு இளஞ்சூடாக இருக்கும்போதே, தறி வீட்டிலிருந்து வந்த ஜரிகைத் துணுக்குகளை ஒவ்வொன்றாக வைத்து விரலால் அமுக்கினாள். “அம்மாளுக்குங்க” என்றாள், யாரும் கேட்காமலேயே.

கல்லறைத் திருநாள் சாயங்காலம். வெள்ளையடித்த கல்லறைகளும் சாமந்தி மாலைகளும் கூட்டமுமாக இருந்தது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக வந்தார். முட்டைக்காரர் பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தார். குழந்தை தன் மெழுகுவர்த்தியை அம்மாவின் கல்லறைமேல் வைத்தாள். சித்தி தீக்குச்சியைக் கிழித்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தாள். சுடர் எழுந்தது, சுருங்கியது, கறுத்துப் புகைந்து அணைந்தது. மறுபடி பற்றவைத்தார்கள். மறுபடி அணைந்தது. சுற்றிலும் கடையில் வாங்கிய மெழுகுவர்த்திகள் எல்லாம் தம் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தன. “காத்துங்க, வேறொண்ணுமில்லீங்க” என்றார் அவர். காற்று கொஞ்சமும் இல்லை. அவர் கடை மெழுகுவர்த்தி ஒன்றைப் பையிலிருந்து எடுக்கும்போது குழந்தை சொன்னாள்:

“அம்மாளுக்குப் புடிக்கலைங்க.”

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். சித்தி குனிந்து அந்த மெழுகுவர்த்தியை எடுத்தாள், திரியை நகத்தால் நெம்பினாள், இரண்டு விரலால் நசுக்கினாள், அதுவும் போதாமல் நாக்கில் வைத்துப் பார்த்தாள். “கஞ்சி” என்றாள். “அடக் கடவுளே, கஞ்சி நூலு. மெழுக எங்க உறிஞ்சும்?” பெரியவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பு வந்தும் சிரிக்க முடியாமல் நின்றார்கள். குழந்தைக்கு மட்டும் அது ஒரு பதிலாகவே படவில்லை. வீடு வந்து சேரும்வரை அவள் யார் கையையும் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் சித்தி அந்த முட்டை மெழுகுவர்த்தியை மறுபடி உருக்கினாள். தறி வீட்டில் போய், குறுக்கே ஓடும், கஞ்சி போடாத ஊடை நூல் கேட்டு வாங்கி வந்தாள். மூன்று இழைகளை எடுத்துக் குழந்தையிடம் நீட்டி, “சடை போடத் தெரியுமா?” என்று கேட்டாள். குழந்தை தலையாட்டினாள். நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு பின்னினாள். அவள் அம்மா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பின்னுவதற்குத் தலையில் முடிதான் இல்லை. அந்த நேரத்தில் என் அம்மா சித்தியைச் சமையலறைக்குள் இழுத்தாள். “இன்னைக்கு எப்படியும் எரியும். எரிஞ்சதும் அது கேக்கும். அம்மாவுக்குப் புடிச்சிருச்சுன்னு சொல்லிடு. ஒரு வார்த்தை. உன் வாழ்க்கைடி இது” என்றாள். சித்தி அடுப்பைத் துடைத்தாள், துடைத்த அடுப்பையே திரும்பவும் துடைத்தாள்.

சித்தி, அம்மா, குழந்தை, நான் என்று நான்கு பேரும் போனோம். முந்தின நாளின் வாடிய மாலைகளைத் தவிரக் கல்லறைத் தோட்டத்தில் யாருமில்லை. மெழுகுவர்த்தி எரிந்தது. நன்றாக, நிமிர்ந்து எரிந்தது. குழந்தை மறுபடி அமுக்கிவைத்த ஜரிகைத் துணுக்குகள் மினுங்கின. குழந்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் அம்மா சமையலறையில் சொன்னபடியே, அதே வார்த்தையில் கேட்டாள்.

“இப்ப அம்மாளுக்குப் புடிச்சிருச்சுங்களா?”

நான் ஒரு காலால் மற்ற காலை மிதித்துக்கொண்டு நின்றேன். ஆமா சொல்லு சித்தி, ஆமா சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன். அம்மா சித்தியின் முழங்கையைத் தொட்டாள். சித்தி அதை விலக்கிக்கொண்டு குழந்தைக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“நேத்து கஞ்சி நூலு, அதனால அணைஞ்சிருச்சு. இன்னைக்கு நல்ல நூலு, அதனால எரியுது. அம்மாவுக்குப் புடிச்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது பாப்பா. நான் அவங்களப் பார்த்ததுகூட இல்ல. அவங்களுக்குப் பதிலா நான் எப்படிச் சொல்றது? ஒன்னையத்தான் கேக்கணும். நான் ஒங்க வீட்டுக்கு வரட்டுமா? ஒங்களோடவே இருக்கட்டுமா?”

குழந்தை சுடரைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். மறுபடி சுடரைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யோசித்து ஒரு குழந்தை பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

“வேண்டாங்க” என்றாள். “எங்க ஊட்டுக்கு வர வேண்டாங்க.”

“சரி” என்றாள் சித்தி. எழுந்து புடவை மண்ணைத் தட்டினாள். “வெயில் ஏறுது, செருப்பப் போட்டுக்க” என்று சொல்லிக் கையை நீட்டினாள். இந்த முறை குழந்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முந்தின இரவே பண்ணைக்குத் திரும்பியிருந்த அவர், மத்தியானம் மகளைக் கூட்டிப்போக வந்தபோது நடந்தது தெரிந்து, “ஏனுங்க, கொழந்த பேச்சப் போயிப் பெருசா எடுத்துக்கறீங்க? அதுக்கு என்னங்க தெரியும்?” என்றார். நல்ல மனிதர்தான், கோபமெல்லாம் இல்லை, புரியாமல்தான் கேட்டார். “அவளுக்குத்தாங்க தெரியணும்” என்றாள் சித்தி. அவர்கள் பேருந்து ஏறிப் போனபிறகு அம்மா பேசின பேச்சைச் சொல்லி முடியாது. கையில் வந்ததைக் கால்வாயில் போட்டவள் என்றாள், நாளைக்கு உனக்குத் தண்ணி ஊத்த யார் இருக்கா என்றாள். சித்தி பின்கட்டுத் தரையில் சிந்தியிருந்த மெழுகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். “அவரு போனாக்கூடப் போகட்டும்டி. எனக்கு அந்தப் புள்ளையப் புடிச்சுப்போச்சு, அதான்” என்றாள்.

அடுத்த ஈஸ்டர் முடிந்ததும் முட்டைக்காரருக்குக் கல்யாணம் நடந்தது. பெண் தம்மம்பட்டிப் பக்கம் என்றார்கள். சித்திக்கு அதன்பிறகு யாரும் வரன் கொண்டுவரவில்லை. எனக்கு வருடக்கணக்கில் கோபம் இருந்தது. அந்தக் குழந்தைமேல் கொஞ்சம், சித்திமேல் நிறைய. ஒரு “ஆமா” சொன்னால் எந்த ஆகாயம் இடிந்து விழுந்திருக்கும்? பிள்ளைகளிடம் நாம் சொல்லாத பொய்யா? வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவர் மகளைக் கூட்டிவந்தார், அவளும் நேராக எங்கள் பின்கட்டுக்கு வந்து சித்தியோடு உட்கார்ந்து தன் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி செய்தாள். இருவரும் பழைய பேச்சை எடுத்ததே இல்லை. அவர்கள் சிரித்துப் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் என்னமோ அரிக்கும். எழுந்து வெளியே போய்விடுவேன். நர்சிங் படிக்கப் போனபிறகு அவள் வருவது நின்றுபோனது.

இப்போது சித்தி என்னோடு இருக்கிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கால்களுக்கு ஓய்வு கிடையாது. என் பிள்ளைகள் ஆன்லைனில் ரோஜாப்பூ அச்சும் சங்கு அச்சும் வரவழைத்து, லாவண்டர் வாசனையெல்லாம் ஊற்றி மெழுகுவர்த்தி செய்கிறார்கள். “இது மெழுகுவத்தியா, குளிக்கிற சோப்பா?” என்று சித்தி அவர்களை ஓட்டுவாள். போன கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளும் அப்படித்தான் சமையலறை ரகளையாக இருந்தது. அப்போது வாசலில் கார் நின்றது. இறங்கி வந்தவளை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. இடுப்புவரை பின்னல். தோளில் இன்னும் பல் முளைக்காத பெண்குழந்தை.

காபி கொடுத்தேன். நலம் விசாரித்தேன். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை, எனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது? “அன்னைக்கு ஏன் வேண்டாம்னு சொன்னே?” என்று கேட்டேவிட்டேன். சித்தி உள்ளே அடுப்படியில் இருந்தாள். முட்டைக்காரரின் மகள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எல்லாத்துக்கும் வேண்டாம்னு சொல்லோணும்னு இருந்துச்சுங்க அக்கா. அம்மாளப் பெட்டியில வெச்சு மூடறப்ப என்னைய யாரும் கேக்கல. முடிய வெட்டறப்ப கேக்கல. அப்பறம் புது அம்மா வந்தப்பவும் கேக்கல. அவங்களும் நல்லவங்கதான், நல்லாத்தான் வளத்துனாங்க. ஆனா என்னையக் கேட்டது இவங்க ஒருத்தருதானுங்க. அதனால வேண்டாம்னு சொல்ல முடிஞ்சதும் இவங்ககிட்ட மட்டுந்தானுங்க.”

எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவளும் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். சித்தி மெழுகுச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, பாப்பாவுக்கு ஞானஸ்நானம் வெச்சிருக்கறமுங்க. நீங்கதான் ஞானத்தாயா அவளக் கையில வாங்கி நிக்கோணும்.”

சித்தி அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, “அவளக் கேட்டியா?” என்றாள்.

என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தோளிலிருந்த குழந்தையை எடுத்துச் சித்தியின் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். “நீங்களே கேளுங்க” என்றாள்.

சித்தி குனிந்தாள். “ஏங்கண்ணு, இந்தக் கெழவி ஒனக்கு ஆவுமா? வேண்டாம்னா இப்பவே சொல்லிடு” என்றாள். கேட்டுவிட்டு, பதில் வராமல் போகாது என்பதுபோல அப்படியே காத்திருந்தாள். குழந்தை சித்தியையே பார்த்தது. பிறகு கையை நீட்டி அவளுடைய மூக்குக் கண்ணாடியை எட்டிப் பிடித்தது. பிடித்த பிடியை விடவில்லை.